எதிர்ப்பக்கம் நின்றால் அழும் பேய்

“பவா தங்கச்சி, உங்கட பேய் இண்டைக்கும் அழுதுகொண்டெல்லோ நிக்குது!”

காலையில் நான் கடையின் இரும்புத் தட்டியைத் தூக்கும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து இந்தக் குரல் வந்துவிடும். மரக்கறிக்கடைச் செல்வரத்தினம் அண்ணை. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் இருக்கும், வாயில் ஒரு நக்கல் இருக்கும். நான் நிமிர்ந்து கதவுக்கு மேலே பார்ப்பேன். கொம்பும் பல்லுமாகப் பேய் என்னை முறைத்துக்கொண்டிருக்கும். அழுகையாவது, கிழுகையாவது!

“உங்களுக்குக் கண்ணிலை வெள்ளை விழுந்திட்டுது அண்ணை. போய் ஆரிட்டையும் காட்டுங்கோ” என்று நானும் பதிலுக்குக் கத்துவேன். பாரிசில் லா சப்பல் பக்கத்து ரூ பெர்தொனே அகலமான வீதி இல்லை. எங்கள் சண்டையை நகைக்கடைக்காரர்களும் சாப்பாட்டுக்கடைக்காரர்களும் நாள்தோறும் இலவசமாகக் கேட்டார்கள்.

இந்தத் தொடரில் நான் தையல் கடை எடுத்த கதையை எழுதியபிறகு ஒரு வாசகி என்னை மெத்ரோவில் பிடித்துக்கொண்டார். “வாசல்லை ஒரு ஜப்பான் பேய் தொங்கினது, அதை ஏன் எழுதேல்லை?” என்று கேட்டார். மறந்துபோய் விடவில்லை, அம்மா. அதற்கு ஒரு கிழமைப் பத்தி முழுவதும் வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

முகமூடிக்குப் பட்டுப் பை

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழிந்த ஒரு குளிர்காலம். கடைக்குள் ஒரு ஜப்பானிய அம்மா வந்தார். வெள்ளைத் தலை, நேரான முதுகு, அதிரப் பேசாத குரல். சேலைச் சட்டை தைக்கிற கடைக்கு இவர் ஏன் வருகிறார், காற்சட்டை கட்டையாக்கக் கொண்டுவந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். அவரோ கடை முகப்பு வித்ரினில் தொங்கிய கூறைச்சேலையின் சரிகைக் கரையைத் தொட்டுப் பார்த்து, “இந்தத் துணியில் பை தைப்பீர்களா?” என்று கேட்டார்.

மதாம் மிச்சிகோ என்று பெயர். அவருடைய நாட்டில் நோ என்று ஒரு பழைய கூத்து இருக்கிறது. அதற்கு மரத்தில் முகமூடி செதுக்குகிறவர் அவர். செதுக்கிய முகமூடியைப் பட்டுப் பைக்குள் போட்டுத்தான் வைக்கவேண்டுமாம். வெளியே எடுத்தாலும் ஓரத்தில், கயிறு கட்டுகிற இடத்தில் மட்டும்தான் பிடிக்கலாமாம். முகத்தில் கைபடக் கூடாது. ஆடப்போகிறவர் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் முகத்தில் கட்டுவாராம்.

எனக்கு இது உடனே பிடித்துவிட்டது. சாமிக்குப் பட்டுச் சாத்துகிற எங்களுக்கு முகமூடிக்குப் பட்டுப் பை தைப்பது என்ன பெரிய காரியம்? மஞ்சள் பட்டில் உள்துணி வைத்து, சிவப்புச் சரிகைக் கரை மேலே வரும்படி தைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இடுப்பை வளைத்து எனக்கு வணக்கம் செய்தார். பிறகு ஜப்பானில் கியோத்தோ வரைக்கும் என் பைகள் போயின. நான் போனதில்லை, என் தையல் போயிருக்கிறது. இதை நான் சொல்லாத ஆள் லா சப்பலில் இல்லை.

ஒருமுறை அவர் எனக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். பயிற்சிக்காகச் செதுக்கிய முகமூடி; ஒரு கொம்பின் நுனி உடைந்துபோனதால் மேடைக்கு ஆகாது என்றார். ஹன்யா என்று அதற்குப் பெயர். வெள்ளை முகம், இரண்டு கொம்பு, காது வரைக்கும் கிழிந்த வாய், கண்ணிலும் பல்லிலும் தங்கப் பூச்சு. அன்றைக்கு அவருக்கு ஏதோ அவசரம். விளக்கம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

விளக்கம் எனக்கெதற்கு? பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது வெருளி!

நான் வெருளி கட்டிய கதை

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிற எவரும் வெருளி கட்டாமல் சுவர் எழுப்பமாட்டார்கள். பழைய சேட்டுக்குள் வைக்கோல் அடைத்து, பானையில் கண்ணும் பல்லும் கீறி, வீதியைப் பார்க்கத் தொங்கவிடுவார்கள். வருகிறவன் போகிறவன் கண்ணெல்லாம் அதில் பட்டுப்போகும். பக்கத்து வீட்டுப் பொன்னம்பலத்தார் தன்னுடைய வெருளிக்குத் தன் சொந்தக் கண்ணாடியையே போட்டுவிட்டார். கடைசியில் அவரைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயந்தன.

கதவுக்கு மேலே இருந்த கண்ணாடிக்குள் வீதியைப் பார்க்கும்படி ஹன்யாவைக் கட்டினேன். கீழே நூலில் கோத்த தேசிக்காயும் பச்சை மிளகாயும். வாசலுக்கு வருகிறவர்களை நேருக்கு நேர் பார்க்கவேண்டுமே என்று, முகமூடியின் உச்சிக்குப் பின்னால் ஒரு வெறும் நூல்கட்டையைச் செருகி முன்னால் சாய்த்துவிட்டேன். நல்ல வேலை செய்துவிட்டேன் என்று இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தேன்.

மறுநாளே செல்வரத்தினம் அண்ணை தொடங்கிவிட்டார், “உங்கட பேய் அழுகுது” என்று.

யோகா

அந்தக் காலத்தில்தான் யோகா என்னிடம் தைக்க வந்தாள். வன்னிப் பிள்ளை. புறநகர் வில்லியே லே பெல்லில் தமையன் வீட்டில் இருந்தாள். விடியவே கந்தோர்களில் துப்புரவு வேலை முடித்துக்கொண்டு இரண்டாவது வேலையாக என்னிடம் வருவாள். கை சுத்தம். வாய்தான் இல்லை. “ஓம் அக்கா”, “இல்லை அக்கா”, “வாறன் அக்கா”. இவ்வளவும்தான் அவளுடைய பேச்சு.

வன்னியில் யுத்தத்தின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது அவளுடைய கணவன் “நீ போ, நான் பின்னாலை வாறன்” என்று சொல்லியிருக்கிறான். அவள் நடந்தாள். அவன் வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அவள் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலிக்கொடி இருந்தது. அதுதான் எங்கள் சனத்துக்குக் கண்ணில் விழுந்த தூசாகிவிட்டது. தமையன் மனைவி வீட்டில் சொன்னாள். சட்டை தைக்க வருகிறவர்கள் என் கடையிலேயே, அவள் காதுபடவே சொன்னார்கள்: “எத்தினை வருசமாப் போச்சுது. ஒரு அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடிச்சு, பொட்டை அழிச்சுப்போட்டால் அந்த ஆத்மாவும் போய்ச் சேரும்.” யோகா தலையைக் குனிந்துகொண்டு இயந்திரத்தை இன்னும் வேகமாக மிதிப்பாள்.

அவள் கணவனின் பெயர் என்ன என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டாள். எங்கள் பெண்கள் புருசன் பெயரை வாயால் சொல்லுகிற ஆட்களா? ஒருமுறை பிரிபெக்த்யூர் என்கிற அரசாங்க அலுவலகத்தில் ஒரு அதிகாரி என்னிடம் கணவர் பெயரைக் கேட்டார். நான் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தேன். மகள்தான் சொன்னாள். சொந்தப் புருசனின் பெயர் தெரியாத மனிசியா என்று அந்த மனுசன் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தான். வீட்டில் எனக்கு அவர் “இஞ்சருங்கோ”. யோகாவுக்கு “அவர்”.

ஒருநாள் வேலைக்கு வந்தவள் கோட்டைக் கழற்றிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

“அக்கா, மேலை இருக்கிறவ ஏன் அழுகிறா?”

“நீயும் தொடங்கிட்டியே? அந்த மனுசனோடை சேர்ந்து உனக்கும் விசரே?”

அவள் கோட்டைக் கொழுவிவிட்டு இயந்திரத்தடியில் போய் இருந்தாள்.

நூல்கட்டை செய்த வேலை

பிறகு ஒரு மத்தியானம் மதாம் மிச்சிகோ புதிய பைகளுக்கு அளவு கொண்டுவந்தார். கடைக்குள் வரவில்லை. எதிர்ப்பக்கம், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என் கதவுக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். தேசிக்காய், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் பார்க்கிறார்! கொடுத்த பரிசை இப்படிக் கட்டித் தூக்கிவிட்டோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். கண்ணூறு என்றால் என்ன என்று என்னுடைய பிரெஞ்சில் சொல்லப் பார்த்தேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கள் ஊரிலும் கூரை முகட்டில் பேய்முக ஓடு வைப்பார்களாம், கெட்டது அண்டாமல் இருக்க. “ஆனால் இவள் அந்தப் பேய் இல்லை. இவளை ஏன் வீதியைப் பார்த்து அழ வைத்தீர்கள்?” என்றார்.

அப்போதுதான் நான் முதல்முறையாக எதிர்ப்பக்கத்தில் நின்று என் கடையைப் பார்த்தேன். அங்கே என்னை முறைக்கிற பேய் இல்லை. தலை குனிந்த ஒரு பெண் இருந்தாள். புருவம் நெரிந்து, கண்ணுக்குள் நிழல் விழுந்து, அழுதுகொண்டிருந்தாள். செல்வரத்தினம் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு, “நான் சொன்னன்தானே” என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

முகமூடியை இறக்கிவந்து வெட்டுகிற மேசையில் வைத்தோம். மதாம் மிச்சிகோ இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்து மெல்ல நிமிர்த்தினார். கோபம். பாய்ந்து கடிக்கிற கோபம். மெல்லக் குனித்தார். அழுகை. மரம் அதே மரம், வாய் அதே வாய். வாசலில் நிற்கிற எனக்கு நேர்முகம் தெரிந்திருக்கிறது. தூரத்தில் நிற்கிறவர்களுக்குக் குனிந்த முகம் தெரிந்திருக்கிறது. எல்லாம் அந்த நூல்கட்டை செய்த வேலை.

இவள் பேயாகப் பிறந்தவள் இல்லை என்றார் அவர். ஒருவனை விரும்பினாள், அவன் இல்லாமல் போனான். துக்கமும் பொறாமையும் முற்றிக் கொம்பு முளைத்தது. கண்ணிலும் பல்லிலும் தங்கம் பூசினால் மனிதர் எல்லையைத் தாண்டிவிட்டாள் என்று அர்த்தம். நெற்றியில் கலைந்து கிடக்கிற மயிரைப் பாருங்கள், தலை வாரக்கூட மனமில்லாமல் இருந்தவள். கீழ்ப்பாதி முகம் கோபிக்கும், மேல்பாதி அழும். இதைவிட முற்றிய இன்னொரு முகமூடி இருக்கிறதாம். அது முழுப் பாம்பு. அதற்குக் காதே இல்லை. யார் கூப்பிட்டாலும் கேட்காது, எந்த மந்திரமும் ஏறாது.

அவர் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்ல யோகா தையலை விட்டுவிட்டு எழும்பி வந்தாள். குனிந்து முகமூடியின் பக்கத்தைப் பார்த்தாள்.

“இவவுக்குக் காது இருக்கு அக்கா.”

“ஓம், இருக்கு.”

“அப்ப இவ இன்னும் ஆள்தான்.”

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். மதாம் மிச்சிகோ யோகாவை நிமிர்ந்து பார்த்து, “ஆம். கூப்பிட்டால் கேட்கும்” என்றார்.

அன்றோடு ஹன்யாவை வாசலிலிருந்து எடுத்துவிட்டோம். சட்டை போட்டுப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில், நேராக, நம் கண்மட்டத்தில் மாட்டினோம். வாசலுக்கு ஒரு நீற்றுப்பூசணிக்காய் போதும் என்று விட்டேன். செல்வரத்தினம் அண்ணை சில நாள் எதிர்ப்பக்கம் நின்று, “எங்கை அவ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பேய்க்குப் பொட்டோ?

அடுத்த தைப்பொங்கலுக்குப் பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் ஒரு மண்டபம் எடுத்து விழா வைத்தார்கள். பெண்கள் சேர்ந்து ஒரு கூத்துப் போடுவது என்று முடிவு. கதை எழுதியவர் நம்முடைய செல்வரத்தினம் அண்ணைதான். மரக்கறி விற்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அவர் புலவர். மேடையில் ஒலிவாங்கி பிடிக்கிறவரும் அவரே.

காட்டுவழியில் ஓர் அரக்கி. வருகிறவர்களை மறித்து, “வழியாலை வந்தனியள், என்ர மனிசனைக் கண்டனியளோ?” என்று கேட்பாள். இல்லை என்றவர்களை விழுங்குவாள். அவளுடைய புருசனை அரசன் பிடித்துக்கொண்டு போனான் என்று முதல் காட்சியில் ஒரே ஒரு வரி வரும், அதை யார் கவனித்தார்கள்? சனம் சிரிக்கவேண்டும் என்றுதான் அந்தக் கேள்வியை அண்ணை வைத்திருந்தார். முடிவில் இளவரசன் வந்து அவளை வெட்டுவான். சுபம்.

இளவரசனாக என் வாடிக்கையாளர் குமுதினி. நல்ல கட்டுமஸ்தான உடம்பு, இளவரசன் இரண்டு பேருக்குப் போதும். தோழியாக வர ஐந்தாறு பேர் போட்டிபோட்டார்கள். அரக்கியாக வர ஒருத்தியும் இல்லை. பொங்கல் அன்று பேயாக நின்று படம் எடுத்தால் அது ஊர் முழுக்கச் சுற்றும் என்ற பயம். என் கடையில் கூடி இதைப் பேசிக்கொண்டிருந்த நேரம் தையல் இயந்திரத்தடியிலிருந்து சத்தம் வந்தது.

“நான் வாறன்.”

யோகா! நான் ஊசியால் கையைக் குத்திக்கொண்டேன்.

செய்தி எதிர்ப்பக்கம் போன உடனே அண்ணை வீதியைக் கடந்து வந்துவிட்டார். என்னை வாசலுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பவா, உந்த வேசம் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். மனிசன் இல்லாத பிள்ளை. நல்ல நாளிலை, நாலு சனம் பாக்கப் பேயா நிண்டால் வேற கதை வரும்.”

“மனிசன் இல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“எல்லாரும்தானே சொல்லுகினம்.”

“எல்லாரும் சொன்னால் சரியோ? உங்கட கத்தரிக்காய் முழுக்கச் சூத்தை எண்டு எல்லாரும் சொன்னால் பெட்டியோடை கொட்டிப்போடுவியளோ?”

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சரி, வரட்டும். ஆனால் பொட்டு வேண்டாம். பேய்க்குப் பொட்டோ? எந்தக் கூத்திலை கண்டனியள்?”

யோகா உள்ளேயிருந்து எழும்பி வந்தாள். அவள் அவரோடு அதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

“பொட்டு இல்லாமல் நான் ஒரு இடமும் வரமாட்டன் அண்ணை. மேடைக்கும் வரமாட்டன்.”

அவ்வளவுதான் சொன்னாள். அண்ணை திரும்பி வீதியைக் கடந்து போனார். எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது.

மை, சாயம் ஒன்றும் வேண்டாம், கொம்பு மட்டும் போதும் என்றாள். முகமூடிப் பை தைத்து மிஞ்சிய சரிகைத் துண்டில் பஞ்சு அடைத்து இரண்டு கொம்பு தைத்துக் கொடுத்தேன். கடையில் ஆளில்லாத நேரங்களில் அவள் ஹன்யாவுக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியில் தன் முகத்தை நிமிர்த்திப் பார்ப்பாள், குனிந்து பார்ப்பாள். நான் பார்க்காததுபோல இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன்.

மண்டபம்

விழா அன்று மண்டபம் நிறைந்த சனம். பின்வரிசையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு, வழக்கமான அமளி. மதாம் மிச்சிகோ என் பக்கத்தில் இருந்தார். யோகா மேடைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் குசுகுசு எழும்பியது. “பொட்டோடை நிக்கிறாள் பார்.” என் காதிலேயே விழுந்தது. திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், வாய் மூடியது.

முதல் வழிப்போக்கனை மறித்துக் கேட்டாள்: “வழியாலை வந்தனியள், என்ர மனிசனைக் கண்டனியளோ?” தலை நிமிர்ந்திருந்தது. சரிகைக் கொம்பு வெளிச்சத்தில் மின்னியது. சனம் சிரித்தது. இரண்டாவது ஆளைக் கேட்டாள். சிரித்தார்கள், ஆனால் குறைவாக. மூன்றாவது ஆளைக் கேட்டபோது ஒரு சிரிப்பும் இல்லை. பிள்ளைகள்கூடச் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள்.

இளவரசன் வந்தான். குமுதினி வாளை ஓங்கினாள். எழுதினபடி அரக்கி அலறிக்கொண்டு பாயவேண்டும். யோகா பாயவில்லை. முகத்தை மெல்ல, மிக மெல்லக் குனித்தாள். அவள் புருவத்தின் நிழல் கண்ணுக்குள் விழுந்தது. என் பக்கத்தில் இருந்த மதாம் மிச்சிகோ மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

குமுதினியின் கை மேலேயே நின்றுவிட்டது. திரையைப் பார்க்கிறாள், எங்களைப் பார்க்கிறாள், கை இறங்கவில்லை.

“வெட்டாதை!”

மண்டபம் முழுவதும் அதிர்ந்தது. ஒலிபெருக்கியில் வந்த சத்தம்.

“வெட்டாதை பிள்ளை! விடு! அவளை விடு!”

மேடையின் ஓரத்தில் செல்வரத்தினம் அண்ணை நின்றார். கையில் ஒலிவாங்கி இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. தான் எழுதிய கதையைத் தானே குழப்பிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் கண்ணீர் வடிய நின்றார். அத்தனை காலம் எதிர்ப்பக்கம் நின்று அந்த முகத்தைப் பார்த்தவர் அவர்தானே.

குமுதினி வாளைக் கீழே போட்டாள். அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதிய கூத்து முடிந்துவிட்டது. யோகா நிமிர்ந்து மேடையின் விளிம்புக்கு வந்தாள். எங்களைப் பார்த்தாள். முன்வரிசை, நடுவரிசை, வாசலில் நின்றவர்கள், எல்லாரையும் பார்த்தாள்.

“வழியாலை வந்தனியள்” என்றாள். “என்ர மனிசனைக் கண்டனியளோ?”

அந்த மண்டபத்தில் அந்தக் கேள்வி இல்லாத வீடு எத்தனை இருந்திருக்கும்? நடுவரிசையில் ஒரு மனிசி விம்மினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கைதட்டினார்கள். தட்டத் தொடங்கியபின் நிற்கவில்லை. நான் கதிரையில் ஏறி நின்று தட்டினேன். அவள் என்னிடம் தைக்கிற பிள்ளை என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் சொன்னேன். வாழ்க்கையில் என் நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை, என் சொந்தக் கடை திறந்த நாளில்கூட.

அடுத்த நாள்

அடுத்த நாள் காலையில் நான் தட்டியைத் தூக்கியபோது எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் செல்வரத்தினம் அண்ணை வீதியைக் கடந்து வந்து கடைக்குள் நின்றார். தலை வாரி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். ஹன்யாவைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு இயந்திரத்தடிக்குப் போனார்.

“பிள்ளை, நான் இப்ப கோயிலுக்குப் போறன்” என்றார். “உன்ர மனிசனுக்கு ஒரு அருச்சனை செய்யப்போறன். நல்லா இருக்கோணும் எண்டு, இருக்கிற ஆக்களுக்குச் செய்யிற அருச்சனை. ஐயருக்குப் பேர் சொல்லோணும்.”

யோகா தைத்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் நின்றது.

நான் வாயைத் திறக்கப் போனேன். அவளுக்காகச் சொல்ல எனக்கும் அந்தப் பெயர் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

குனிந்திருந்த முகத்தை அவள் நிமிர்த்தினாள்.

“சிவநேசன்” என்றாள், வீதிக்கே கேட்கும்படி. “நட்சத்திரம் அனுசம்.”